ததீசியின் எலும்பும் பரம்வீர் சக்கரமும்

போர்க்களத்தில் பகைவர்முன் காட்டும் வீரத்துக்கு இந்தியா வழங்கும் தலையாய விருது பரம்வீர் சக்கரம். அதில் பொன்னும் இல்லை, மணியும் இல்லை. 1⅜ அங்குல விட்டமுள்ள வெண்கல வட்டம், ஊதா நிறப் பட்டையில் தொங்கும். நடுவே அரசுச் சின்னமான அசோகர் சிங்கங்கள். சுற்றிலும் நான்கு வச்சிராயுதங்கள்.

இதை வடிவமைத்த சாவித்திரி கானோல்கர் 1913இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். இராணுவ அதிகாரி விக்ரம் கானோல்கரை மணந்து இந்து சமயத்தை ஏற்றார். சமஸ்கிருதமும் புராணங்களும் ஆழ்ந்து கற்றார். சுதந்திர இந்தியாவுக்கெனப் புதிய விருதுகளை உருவாக்கும் பொறுப்பிலிருந்த மேஜர் ஜெனரல் ஹீராலால் அடல், அந்தப் புலமையை அறிந்தே அவரை அணுகினார்.

வாளையோ வேலையோ விட்டு வச்சிரத்தை அவர் எடுத்ததில்தான் இந்த விருதின் உயிர் இருக்கிறது. விருத்திராசுரனை வெல்ல வேறு ஆயுதம் இல்லை என்றானபோது, ததீசி முனிவர் தம் உடலைத் துறந்து முதுகெலும்பைத் தந்தார். அதில் செய்யப்பட்டதே வச்சிரம். இந்திரன் கையில் இருந்தாலும் அது கொடுத்தவரின் ஆயுதம். வென்றவனைப் போற்றும் விருதாக மட்டும் இது நின்றுவிடக் கூடாது என்று சாவித்திரி கருதியதாகவே நான் கொள்கிறேன். இதுவரை விருது பெற்ற 21 பேரில் 14 பேர் அதைப் பெற உயிரோடு இல்லை.

விருது நிறுவப்பட்டது 1950 ஜனவரி 26இல். காஷ்மீர்ப் போரில் வீழ்ந்தவர்களை விட்டுவிடாதபடி 1947 ஆகஸ்ட் 15 முதலே அது செல்லும் என்றார்கள். முதலில் பெற்ற மேஜர் சோம்நாத் சர்மா, 1947 நவம்பர் 3இல் பட்காமில், மாவுக்கட்டுப் போட்ட கையோடு தம் வீரர்களுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாண்டவர். சாவித்திரியின் மூத்த மகளுடைய கணவருக்கு அவர் அண்ணன்.

மகார் படைப்பிரிவின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைத் தமிழர் தனியே நினைக்கவேண்டும். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், அமைதிப்படையோடு இலங்கை சென்றார். 1987 நவம்பர் 25இல் பதுங்கித் தாக்கியவர்களோடு நடந்த கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவரின் துப்பாக்கியையே பறித்துத் திருப்பிச் சுட்டார்; சாகும்வரை தம் வீரர்களுக்குக் கட்டளையிட்டார். எதிரே நின்றவர்களும் தமிழ் பேசியவர்களே. அந்த வேதனையை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது முறையாகாது. 2023இல் அந்தமானின் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்றவர்களின் பெயர்களைச் சூட்டியபோது, ஒரு தீவு அவர் பெயரைப் பெற்றது.