ஐஸ் ஹவுஸில் ஏற்றிய விளக்கு

வைட்ஃபீல்டின் தெருக்களில் மகளிர் விடுதிப் பெயர்ப்பலகைகள் பல கண்ணிற்படுகின்றன. தமிழகத்துச் சிற்றூர்களினின்று வேலை நாடி வந்த நம் பெண்கள் அவற்றில் தங்கி, நாள்தோறும் அலுவலகம் சென்று மீள்கின்றனர். பெண்ணொருத்தி பிறந்தகம் விட்டு வெளியூரில் தங்குவது இன்று நமக்கு வியப்பன்று. ஆயின் இவ்வழக்கம் தானாக முளைத்ததும் அன்று. அதற்கு வாழ்நாளையே உரமாக இட்டவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்.

1882-இல் ஆங்கிலோ-இந்தியரின் குடியிருப்பாக வைட்ஃபீல்ட் உருவாயிற்று. அதற்கு நான்காண்டுகளுக்குப் பின், 1886-இல், அம்மையார் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். சிறுமியாக இருந்தபோதே மணமுடித்தனர். சில காலத்திற்குள் கணவர் மறைந்தார். அக்காலத்தில் இத்தகைய சிறுமியர்க்கு வாய்த்தது வீட்டு மூலையே. அவர்தம் தந்தை சுப்பிரமணிய ஐயரோ ஊரார் பழிச்சொல்லைப் பொருட்படுத்தாது மகளைப் படிக்க வைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற அம்மையார், சென்னை மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்து விதவை எனப் போற்றப்பட்டார்.

தாம் பெற்ற கல்வியைத் தம்மோடு நிறுத்திக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. இளம் விதவையர் சிலரைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்துக் கற்பிக்கலானார். அவருக்குத் துணை நின்றவர் சித்தி வாலாம்பாள். அவரும் இளமையிலேயே கைம்மை எய்தியவர். எழும்பூரில் சிறு அளவில் தோன்றிய இம்முயற்சி, பின்னர்த் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸுக்கு இடம் பெயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட மாளிகை அது. 1897-இல் விவேகானந்தர் தங்கிய இடமும் அதுவே. வாழ்வு உறைந்துபோன பெண்கள் அங்கே ஆசிரியைகளாயினர்.

அரசு நடத்திய அவ்விடுதி பிராமண விதவையர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. இக்குறையை மறைத்துப் பேசுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. பெற்றோரின் நம்பிக்கை குலைந்தால் பெண்களின் படிப்பும் நின்றுவிடும் என்றெண்ணி, விடுதியில் ஆசாரங்களையும் அம்மையார் பேணி வந்தார். எனினும் அந்த எல்லைக்குள்ளேயே அவர் தொண்டு முடிந்துவிடவில்லை. அருகிலிருந்த மீனவர் குப்பத்துக் குழந்தைகளின் கல்விக்கும் பாடுபட்டார். வயது மிகுந்தோர்க்கு அரசு விடுதியில் இடமின்மை கண்டு, 1927-இல் சாரதா வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைமையையும் ஏற்றார். 1958-இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது. 1969 டிசம்பரில் அவர் மறைந்தார்.

தமக்கு நேர்ந்த துயரை அவர் தமக்கே உரியதாகக் கொள்ளாமல், அதே துயரில் உழன்ற பிறரைத் தேடிச் சென்றார். அவர் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே. ஊர் விட்டு ஊர் வந்து தழைத்தவர் நாம். நம் அடுக்ககங்களை எழுப்ப வந்த தொழிலாளரும் நம்மைப்போல் ஊர் விட்டு வந்தவர்களே. அவர்தம் பிள்ளைகள் செங்கற் குவியலின் நிழலில் விளையாடிப் பொழுதைக் கழிப்பதை நாம் நாளும் காண்கிறோம். வாரத்தில் ஒரு மாலைப் பொழுதேனும் அக்குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க நம் இல்லத்துத் திண்ணையோ கூடமோ திறக்குமாயின், அம்மையாருக்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறில்லை. அவர் தொடங்கியதும் ஒரு வீட்டுக் கூடத்திலேதான்.