முழுகிய கப்பலும் மீன் பாரும்

நைனார்பாளையத்துக்காரனுக்குக் கடல் என்றால் கடலூர், இல்லாவிட்டால் சந்தையில் விற்கும் கருவாடு. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கடியில் கிடக்கும் கப்பல்களைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். 1942 ஏப்ரலில் அவை முழுகிய நாட்களில்தான் சென்னைப் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினார்கள். "எவாகுவேஷன்" என்ற சொல்லை உங்களில் பலர் பெற்றோர் வாயால் கேட்டிருப்பீர்கள்.

அந்த ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 9ஆம் தேதி காலை அடி விழுந்தது திருகோணமலையில்.

திருகோணமலைத் துறைமுகத்தில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் இருந்தது. அடிக்கட்டையிலிருந்தே விமானந்தாங்கியாக வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1919இல் கடலில் இறக்கியது. தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கையால் முந்தின இரவே அதைத் துறைமுகத்தை விட்டுக் கிளப்பித் தெற்கே அனுப்பிவிட்டார்கள். பொழுது விடிந்து திரும்பி வரும் வழியில், மட்டக்களப்புக்கு எதிரே, ஜப்பானியர் கண்ணில் பட்டது. விமானந்தாங்கி என்று பெயர், ஆனால் அன்று அதன் மேல்தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. கரையிலிருந்து துணை விமானம் கேட்டார்கள். வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கேப்டன் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டார்கள். கூட வந்த ஆஸ்திரேலியக் கப்பல் வேம்பயரும் முழுகியது. அந்தப் பக்கமாக வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் நீரில் தத்தளித்த சுமார் 600 பேரைத் தூக்கியது. அதே நாளில் அதே கடலில் பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் குண்டுபட்டு அடியில் போனது.

அன்றைக்கு இந்தக் கப்பல்களைப் போய்ப் பார்க்க வழியே இல்லை. நம் முத்துக்குளிப்பவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்குவார்கள். துறைமுக வேலைக்காரர்கள் இரும்புத் தொப்பி மாட்டி, மேலிருந்து குழாயில் காற்று வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். முதுகில் சிலிண்டரோடு மீன்போல் நீந்தும் வித்தை அடுத்த வருடம், 1943இல்தான் பிரான்சில் பிறந்தது. கடற்படை அதிகாரி ழாக்-ஈவ் கூஸ்தோவும் எஞ்சினியர் எமில் கான்யானும் சேர்ந்து செய்தது. அதில் வேடிக்கை என்னவென்றால், மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்று விடும் அந்த வால்வை கான்யான் முதலில் செய்து வைத்திருந்தது காருக்கு! பெட்ரோல் பஞ்சத்தால் அங்கே காஸில் கார் ஓட்டினார்கள். அதே பஞ்சத்தில் இங்கே கரி காஸ் பஸ் ஓடியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் வாத்தியார் கூஸ்தோவின் "மௌன உலகம்" என்ற படத்தைப் பற்றி (1956, கான் விழாவில் பெரிய பரிசு வாங்கியது) ஒரு பீரியட் முழுக்கப் பேசுவார், இலக்கணப் பாடத்தை மறந்துவிட்டு.

கணக்கு எளிது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு காற்று மண்டல அழுத்தம் கூடும். ஹெர்மிஸ் கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப்போல ஆறு மடங்கு, சிலிண்டர் காற்றும் ஆறு மடங்கு வேகத்தில் தீரும். நைட்ரஜன் தலைக்கேறிக் குடித்தவன்போல் ஆக்கும்; அவசரப்பட்டு மேலே வந்தால் இரத்தத்தில் குமிழி கட்டி ஆளை முடக்கும். பொழுதுபோக்குக்கு முங்குபவர்களுக்கு 40 மீட்டரே எல்லை. அதனால் ஹெர்மிஸைத் தொடுபவர்கள் ஹீலியம் கலந்த காற்றோடு போகும் சிலர்தான். பிரிட்டிஷ் சார்ஜென்ட் சுமார் 25 மீட்டரில் கிடப்பதால் அதற்குத்தான் கூட்டம். 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு இந்தக் கூட்டம் வர ஆரம்பித்தது.

அங்கே அவர்கள் பார்ப்பது கப்பலைவிட மீனைத்தான். சுற்றிலும் வெறும் மணல். மணலில் எதுவும் ஒட்டி வளராது. நடுவில் இரும்பு கிடந்தால் அதில் சிப்பி, கடற்பஞ்சு, மென்பவளம் ஒட்டும். சிறு மீன் ஒளியும். அதைத் தின்னக் களவாயும் பாரையும் வரும். இயற்கையான கல்லானாலும் கப்பலானாலும் கடல்காரருக்கு அது "பார்". தூண்டில்காரனுக்கு அது சோறு போடும் இடம், வலைக்காரனுக்கு வலையைக் கிழிக்கும் இடம். முங்குபவர்கள் அங்கிருந்து ஞாபகார்த்தமாக எதையும் பெயர்த்து எடுப்பது எனக்குப் பிடிக்காது, 307 பேர் செத்த இடம். மீன்பிடிக்கும் தூண்டில்காரன் மேல் அந்த வருத்தம் எனக்கில்லை.

2021 ஜூனில் நடந்ததற்கு வருகிறேன். இலங்கை அரசு ஓட்டத்துக்கு ஆகாத பழைய போக்குவரத்துக் கழக பஸ்களைக் கப்பலில் ஏற்றி நெடுந்தீவை ஒட்டிய கடலில் இறக்கியது. மீன் பெருகுவதற்கு என்றார் அந்நாட்டு மீன்வள அமைச்சர் டக்ளஸ் தேவானந்தா. எங்கள் வலையையும் படகையும் நாசமாக்கும் சதி என்றார்கள் ராமேசுவரத்து மீனவர்கள். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. அடிமடி இழுக்கும் விசைப்படகு கடல் தரையைச் சுரண்டிக்கொண்டு போகும். குஞ்சு, முட்டை, பாசி எதையும் விடாது. தரையில் பஸ் கிடந்தால் மடி சிக்கும், பிறகு அந்தப் பக்கம் படகு வராது. இலங்கை 2017இல் அடிமடி இழுவையைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. யாழ்ப்பாணத்துச் சிறு படகுக்காரரின் வலையை நம் படகுகள் இரவில் அறுத்துப் போகின்றன என்ற புகார் வருடக் கணக்காக இருக்கிறது. அவரும் தமிழர், இவரும் தமிழர். நம் ஆட்களுக்கும் கடன் வாங்கிக் கட்டிய படகு, பிடிபட்டால் சிறை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் தமிழக அரசும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் யோசனைப்படி கடற்கரைக் கிராமங்களுக்கு எதிரே முக்கோணமாகவும் வளையமாகவும் சிமெண்ட் கட்டுமானங்களை இறக்கி வந்திருக்கிறது. செயற்கைப் பார் என்று பெயர். கட்டுமரக்காரரும் ஃபைபர் படகுக்காரரும் கேட்டு வாங்கினார்கள், விசைப்படகு கிட்டே வராது என்பதற்காகவே. நம் கரையில் சிமெண்ட் போட்டால் மீன்வள மேம்பாடு, அந்தக் கரையில் பஸ் போட்டால் சதி என்பது எனக்கு ஒப்பவில்லை.

பஸ் நல்ல பொருள்தானா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் ஃபுளோரிடா கடலில் 1970களில் சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டி இறக்கினார்கள். கட்டு அவிழ்ந்து டயர்கள் உருண்டு, பக்கத்தில் இருந்த உண்மையான பவளத்தை இடித்து நாசமாக்கின. இப்போது செலவு செய்து பொறுக்கி எடுக்கிறார்கள். ஹெர்மிஸ் பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட எஃகு. எண்பது வருடம் கடந்தும் மீனுக்கு வீடாகக் கிடக்கிறது. பஸ்ஸின் தகரம் அவ்வளவு காலம் தாங்காது. அது துருப்பிடித்து உதிர்ந்த பிறகும் அடியில் மிஞ்சும் சேசிஸில் யாருடைய வலை மாட்டினாலும் கிழியத்தான் கிழியும், ராமேசுவரம் வலையானாலும் நெடுந்தீவு வலையானாலும்.