பெஹாலாவில் வாடகை வீடு: வயதான காப்பக நாயைத் தத்தெடுக்கலாமா? தெரிந்துகொள்ள வேண்டியவை

கொல்கத்தாவில் வேலை, பெஹாலாவில் வாடகை வீடு, நாய் வளர்க்க ஆசை. இந்த மூன்றும் உங்களுக்குப் பொருந்தினால், முதலில் மனதில் வருவது குட்டி நாயாகத்தான் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். அதனால் காப்பகங்களில் குட்டிகள் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்துவிடுகின்றன. எட்டு வயது, பத்து வயது நாய்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன.

ஆனால் காலையில் கிளம்பி இரவு திரும்புகிற ஒருவருக்குக் குட்டியைவிட வயதான நாய்தான் பல நேரம் ஒத்துப்போகும். எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். நாயின் உடல்நிலை எப்படி? வீட்டு ஓனர் சம்மதிக்கிறாரா? நாளை உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால் நாய் எங்கே போகும்?

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. வெறிநோய் உள்ளவை, ஆக்ரோஷமானவை மட்டும் விதிவிலக்கு. விரும்புகிறவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம், ஆனால் அந்த நாய் மறுபடி தெருவுக்குப் போகக் கூடாது என்றும் அதே உத்தரவு சொன்னது.

நவம்பர் 7 அன்று வந்த உத்தரவு இன்னும் கடுமையானது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது, காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்றது. இப்படி உள்ளே போகும் நாய்க்கு வீடு கிடைக்கவில்லை என்றால், அது காப்பகத்திலேயே கிழடாகும்.

இன்னொரு பக்கம், வளர்த்தவர்களே கைவிடும் நாய்கள். 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது குற்றம். ஆனால் முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். மருந்துச் செலவு ஏறும் வயதில் நாயை வெளியே விடுகிறவரைத் தடுத்து நிறுத்த இந்தத் தொகை போதாது.

எந்த வயதிலிருந்து 'வயதான நாய்'?

ஒரே எண் கிடையாது. எதிர்பார்க்கும் ஆயுளின் கடைசி கால் பகுதியை முதுமை என்று கால்நடை மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். பெரிய உடல்வாகு கொண்ட இனங்களுக்கு முதுமை சீக்கிரம் வரும், சிறியவற்றுக்குத் தாமதமாக வரும். நம் நாட்டு நாய் எட்டு வயதிலும் நன்றாக ஓடியாடும். காப்பகத்தில் சொல்லும் வயது பெரும்பாலும் பல்லைப் பார்த்துச் சொல்லும் மதிப்பீடுதான். ஒன்றிரண்டு வருடம் முன்பின் இருக்கலாம்.

வேலைக்குப் போறவங்களுக்கு இது சரிப்படுமா?

மூன்று மாதக் குட்டியால் சில மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. செருப்பு, சார்ஜர், சோபா எல்லாம் அதன் பல்லுக்கு இரை. வளர்ந்த பிறகு அதன் குணம் எப்படி இருக்கும் என்பதும் தெரியாது. வயதான நாயிடம் இந்தக் குழப்பம் குறைவு. குணம் முன்பே தெரியும். பகலில் பெரும்பாலும் தூங்கும்.

அதற்காகப் பத்துப் பதினோரு மணி நேரம் பூட்டி வைத்துவிட்டுப் போகலாம் என்று அர்த்தமில்லை. வயதான நாய்க்கு அடிக்கடி சிறுநீர் வரும். மதியம் ஒருமுறை வெளியே கூட்டிப்போக ஆள் வேண்டும். ஃபிளாட்மேட்டோ, பக்கத்து வீட்டுக்காரரோ, சம்பளத்துக்கு வருகிறவரோ, யார் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2007-ல் தொடங்கிய 'மட்வில்' என்ற அமைப்பு வயதான நாய்களுக்கு மட்டுமே வீடு தேடித் தருகிறது. முதியவர்களுக்கு முதிய நாய் என்று தனித் திட்டமே வைத்திருக்கிறது. அமைதியான வீட்டுக்கு அமைதியான நாய் பொருந்தும் என்ற எளிய கணக்குதான்.

எங்கே போய்ப் பார்ப்பது?

பெஹாலாவிலிருந்து கொஞ்சம் அலைய வேண்டும். பவ்பஜாரில் உள்ள கல்கத்தா விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 1861-ல் தொடங்கியது. ஆசியாவிலேயே பழைய விலங்கு நல அமைப்புகளில் ஒன்று. ஈ.எம். பைபாஸ் பக்கம் முகுந்தபூரில் 'ஆஷாரி' காப்பகம் இருக்கிறது. மாநகராட்சியின் நாய்க் காப்பிடம் தாபாவில் உள்ளது. போகுமுன் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைந்தது இரண்டு முறை போங்கள். ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில், ஒருமுறை நடக்கக் கூட்டிப்போகும் நேரத்தில். கூண்டுக்குள் சோர்ந்து கிடக்கும் நாய் வெளியே வந்ததும் வேறு மாதிரி இருக்கும்.

என்னவெல்லாம் கேட்கணும்?

- ரேபிஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டார்கள்? அட்டை இருக்கிறதா?
- கருத்தடை ஆகிவிட்டதா? கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கலாம். உயிருக்கே ஆபத்து.
- சமீபத்திய ரத்தப் பரிசோதனை இருக்கிறதா? சிறுநீரகம், கல்லீரல், உண்ணிக் காய்ச்சல் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.
- தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா? சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் இரண்டுக்கும் இது அறிகுறி.
- எழுந்திருக்கச் சிரமப்படுகிறதா? பல், ஈறு எப்படி?
- இப்போது என்ன மருந்து, மாதம் எவ்வளவு செலவு?
- ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?

கண்ணில் நீல நிற மங்கல் தெரிந்தால் உடனே புரை என்று பயப்பட வேண்டாம். வயதான நாய்களின் கண் வில்லை தடித்து இப்படித் தெரிவது சகஜம், பார்வை பெரிதாகக் கெடாது. எது என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார். 1893-ல் தொடங்கிய வங்காள கால்நடைக் கல்லூரியின் வழிவந்த பல்கலைக்கழக மருத்துவமனை பெல்காச்சியாவில் இருக்கிறது. ஆனால் அது வடக்கு, நீங்கள் இருப்பது தெற்கு. அவசரத்துக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவரைப் பார்த்து வையுங்கள்.

ஓனர் வேண்டாம்னு சொன்னா?

இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டு போட்டுக்கூட வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்க முடியாது. நம்ம ஊர் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் 1962-ல் தொடங்கிய வாரியம் இது. ஆனால் சங்கம் வேறு, உங்கள் வாடகை ஒப்பந்தம் வேறு. அதில் 'செல்லப்பிராணி கூடாது' என்று இருந்தால் வாதாடிப் பயனில்லை. ஓனரிடம் பேசி, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி நாயைக் கூட்டி வந்து, பதினொன்றாவது மாதம் வீட்டையும் நாயையும் சேர்த்து இழக்க வேண்டாம்.

முதல் மூன்று மாதம் எப்படி இருக்கும்?

முதல் சில நாள் சாப்பிடாமல் மூலையில் படுத்திருக்கலாம். சில வாரங்களில் உங்கள் நேரம் அதற்குப் பழகும். முழுசாக ஒட்டிக்கொள்ள மூன்று மாதம் ஆகலாம். அதுவரை ஃபிரெண்ட்ஸைக் கூட்டி வந்து காட்ட வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: அது இத்தனை வருடம் கேட்டது வங்காளம். 'எஷோ' என்றால் வா, 'போஷோ' என்றால் உட்கார். தமிழுக்குப் பிறகு மாறிக்கொள்ளும்.

சாம்பார் சாதம் கூடவே கூடாது. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலிக்குது போல என்று நீங்கள் போடும் பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள். இரண்டுமே நாய்க்கு விஷமாகலாம்.

பெஹாலாவில் தனியாகக் கவனிக்க வேண்டியது?

மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் தேங்கும். அதில் எலியின் சிறுநீர் கலந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் வரும், மனிதருக்கும் தொற்றும். அதற்கான தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். நடந்து வந்ததும் பாதத்தைக் கழுவித் துடையுங்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, மூட்டுவலி உள்ள நாய்க்குத் தண்டனை. காளி பூஜை இரவு வெடிச் சத்தத்துக்கு ஜன்னலை மூடி, பக்கத்தில் இருங்கள். அன்று லீவு போடுவதே நல்லது.

சென்னைக்கு மாற்றலானால்?

ஹவுராவிலிருந்து சென்னை சுமார் 1,660 கிலோமீட்டர், ரயிலில் ஒரு நாளுக்கும் மேல். நாய் உங்களோடு வர வேண்டும் என்றால் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு படுக்கை கூபேயையோ நான்கு படுக்கை கேபினையோ முழுசாக நீங்களே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில்தான் போகும். வயதான நாய்க்கு அது சரிவராது. இந்தச் செலவையும் இன்றே கணக்கில் சேருங்கள். முடியாது என்று தோன்றினால் தத்தெடுக்க வேண்டாம். சில மாதம் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா என்று காப்பகத்தைக் கேளுங்கள்.

சீக்கிரம் போய்விடுமே?

ஆமாம், போகும். இரண்டு வருடமாக இருக்கலாம், நான்காக இருக்கலாம். ஒருநாள் சாப்பாடு, நடை, தூக்கம் மூன்றுமே வலியாக மாறினால், வலியில்லாமல் விடைகொடுப்பதா என்று மருத்துவர் உங்களைக் கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கும் தைரியம் உங்களுக்கு இருக்கிறதா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். இருக்கிறது என்றால், அந்த நாய்க்கு மிச்சமிருக்கும் வருடங்கள் கூண்டுக்கு வெளியே, தன் பெயரைக் கூப்பிட ஒரு ஆளோடு கழியும்.