கடல்நீர் மீன்தொட்டியும் உயிரியல் வடிகட்டி ஊடகங்களும்

மீன்கள் தங்கள் செவுள்கள் வழியே அமோனியாவை இடைவிடாது வெளியேற்றுகின்றன. பரந்த கடலில் அது கரைந்து போகும். கண்ணாடித் தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உடையதால், அமோனியாவின் நச்சு மிகுந்த வடிவம் அதில் நன்னீரைவிடக் கூடுதலாகவே இருக்கும். இந்த நச்சை மாற்றும் நுண்ணுயிர்கள் ஒட்டி வாழ்வதற்கான பரப்பே உயிரியல் வடிகட்டி ஊடகம் ஆகும்.

1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டபோது இந்த நுண்ணுயிர்களை எவரும் அறிந்திருக்கவில்லை. நீர்த்தாவரங்கள் ஆக்சிசனைத் தந்தால் போதும் என்றே கருதினர். 1871-இல் திறக்கப்பட்ட கிறிஸ்டல் பேலஸ் காட்சியகத்தில் வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு, தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய இருண்ட நீர்த்தேக்கம் ஒன்றை அமைத்து நீரைச் சுழலவிட்டார். காரணம் தெரியாமலே கிடைத்த நல்ல தீர்வு அது.

காரணம் வெளிப்பட்டது சாக்கடை நீரில்! 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்சு ஆகிய இருவர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் கழிவுநீரைச் சொட்டவிட்டனர். முதல் இருபது நாட்கள் மாற்றம் ஏதுமில்லை. பிறகு அமோனியா நைட்ரேட்டாக மாறியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. எனவே இது உயிர்களின் வேலை என்பது உறுதியாயிற்று. புதிய தொட்டியில் உடனே மீன்களை விடக் கூடாது என்பதற்கும் காரணம் இந்தக் காத்திருப்பே. 1890-இல் வினோகிராட்ஸ்கி இப்பாக்டீரியாக்களைத் தனியே பிரித்தெடுத்தார்.

1950-களில் சரளைக்கு அடியில் துளைத்தட்டு வைத்து நீரை இழுக்கும் முறை பரவியது. கடல்நீர்த் தொட்டிகளுக்குப் பவளத்துண்டுகளும் சிப்பி ஓடுகளும் விரும்பப்பட்டன. அமோனியா மாறும்போது உண்டாகும் அமிலத்தை அவற்றிலுள்ள சுண்ணாம்பு ஓரளவு ஈடுகட்டும். ஆனால் சரளைக்குள் அழுக்கு சேர்ந்து அடைத்துக்கொள்வது பெரும் தொல்லை.

இந்தோனேசியாவின் லீ சின் எங் வேறு வழி கண்டார். பவளத்திட்டிலிருந்து எடுத்த, உயிர்கள் குடியிருக்கும் பாறைகளையே தொட்டியில் அடுக்கி, காற்றுக்குமிழிகளை மட்டும் விட்டார். 1961-இல் அவர் இதைக் கட்டுரையாக எழுதியும் மேற்குலகம் நெடுங்காலம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

மாறாக, 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைகளால் அமெரிக்காவில் நெகிழிப் பந்துகளின் மீது நீரைச் சொட்டவிடும் வடிகட்டி புகழ்பெற்றது. அமோனியா விரைவாக மறைந்தது, நைட்ரேட்டோ குவிந்தது. ‘நைட்ரேட் தொழிற்சாலை’ என்ற கேலிப்பெயரும் வந்தது. பந்துகளைச் சுற்றி எங்கும் காற்று. ஆக்சிசன் குறைந்த இடத்தில்தான் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரசன் வளிமமாக மாற்றும். உயிர்ப்பாறையின் உட்துளைகளில் அந்த இடம் உண்டு.

ஆகவே மீன்கள் மட்டும் உள்ள தொட்டிக்குப் பந்துகளோ பீங்கான் வளையங்களோ போதும். நீரை அவ்வப்போது மாற்றினால் சரி. பவளம் வளர்ப்போருக்குப் பாறையே ஏற்றது. பொட்டலத்தில் அச்சிட்ட பரப்பளவைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. கிடைக்கும் அமோனியாவின் அளவுக்கே பாக்டீரியா பெருகும். துளைகள் அடைபட்டால் அந்தப் பரப்பும் பயன்படாது. ஊடகத்தைக் குளோரின் கலந்த குழாய்நீரில் அலசினால் பாக்டீரியாக்கள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரே நல்லது.

உயிர்ப்பாறைக்காகப் பவளத்திட்டுகளைப் பெயர்ப்பது கடலுக்குக் கேடு. அதனால் இன்று செயற்கைப் பாறைகளும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் நுண்ணுயிர் குடியேறப் பல வாரங்கள் ஆகும். அவ்வாறு குடியேறுபவை எல்லாம் பாக்டீரியாக்களும் அல்ல. அமோனியாவை மாற்றும் ஆர்க்கியா என்னும் வேறு வகை நுண்ணுயிர் 2005-இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அது கிடைத்த இடம் சியாட்டில் காட்சியகத்தின் கடல்நீர்த் தொட்டி.