காவல் நாய்க்கு அடையாள வில்லையும் மைக்ரோசிப்பும்

தோட்டத்து நாய் வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடினால், கழுத்துப்பட்டை இல்லாதபோது தெருநாய் என்றே பிறர் நினைப்பர்.

வில்லை: கைபேசி எண் பொறித்துப் பட்டையில் மாட்டவும். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வளர வளரத் தளர்த்தவும். இறுகினால் கழுத்து புண்ணாகிப் புழு வைக்கும்.

மைக்ரோசிப்: அரிசி மணி அளவுள்ளது. கால்நடை மருத்துவர் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார். பேட்டரி கிடையாது, நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. ஸ்கேனரில் 15 இலக்க எண் மட்டுமே தெரியும். அந்த எண்ணுடன் உங்கள் பெயர், கைபேசி எண் பதிவாகியிருந்தால்தான் பயன். கைபேசி எண் மாறினால் பதிவையும் மாற்றவும்.

ஸ்கேனர் இல்லாத ஊரில் வில்லையே உதவும். எனவே சிப் போட்டாலும் வில்லையைக் கழற்ற வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையில் சிப் எண்ணையும் குறித்து வைக்கவும்.