சொன்னவரும் எழுதியவரும்: வை. மு. கோதைநாயகி அம்மாளின் ஆக்கமுறை குறித்து

1924இல் நோபல் அச்சகம் வெளியிட்ட ‘இந்திரமோஹனா’ நாடகத்தை வை. மு. கோதைநாயகி அம்மாள் தம் கையால் எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் இந்தச் செய்தியை ஏறக்குறைய ஒரே வாசகங்களில் தருகின்றன. ஆய்வுலகமும் இதை ஒரே விதமாகத்தான் கையாண்டு வந்திருக்கிறது. ஐந்தரை வயதில் மணமுடிக்கப்பட்ட, பள்ளி செல்லாத ஒரு சிறுமி, எழுத்தறியாமை, தோழியின் உதவி, பிறகு அவளிடமே எழுத்துக் கற்றல், முடிவில் 115 நாவல்கள், முப்பத்தைந்து ஆண்டுகள் ‘ஜகன்மோகினி’ ஆசிரியப் பணி. இப்படி அமையும் ஏற்றக் கதையில் ‘இந்திரமோஹனா’ முதற்படி. ஏறியபின் அந்தப் படியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கேதான் வாசிப்புப் பிழை நேர்ந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். வாயால் சொல்லிக் கதை கட்டுவது கோதைநாயகியின் எழுத்து வாழ்வுக்கு முந்திய நிலையன்று. அவருடைய ஆக்கமுறையே அதுதான். எழுதக் கற்றபின் அந்த முறை அவர் கைக்கு மாறியது, மறைந்துவிடவில்லை.

முதலில் அந்தச் செய்தியையே நிதானமாகப் பார்ப்போம். அவருக்கு அப்போது எழுத வராது என்பது வரை ஐயமில்லை. ஆனால் எழுத வராது என்பதிலிருந்து கல்லாதவர் என்ற முடிவுக்கு நம் வரலாறுகள் தாவிவிடுகின்றன; அந்தத் தாவலுக்குச் சான்று இடம் தரவில்லை. அதே குறிப்புகளிலேயே வேறு செய்திகளும் இருக்கின்றன. தம் சிறிய தந்தையாரிடம் திருவாய்மொழியும் கம்பராமாயணமும் அவர் கற்றார். கணவர் வை. மு. பார்த்தசாரதி அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். திருவல்லிக்கேணி வீட்டில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அவர் கதை சொல்வார். சொந்தமாகவே கதை கட்டுவார். கேட்கப் பெரியவர்களும் வந்து உட்கார்வார்கள். இவற்றை யாரும் மறைக்கவில்லை. ஆயினும் எழுத்தறியாமை என்ற தலைப்பின்கீழ் இவை அணிகலன்களாகத்தான் வருகின்றன, சான்றுகளாக எண்ணப்படுவதில்லை. சேர்த்துப் படித்தால் வேறொரு பெண் தெரிகிறாள். பாசுரமும் காப்பியமும் காதுவழி மனத்தில் ஏறியவள். மேடை நாடகத்தின் காட்சிப் பகுப்பையும் பேச்சின் ஏற்ற இறக்கத்தையும் கண்டும் கேட்டும் பழகியவள். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் பார்த்துக் கதையை நீட்டவும் நிறுத்தவும் தெரிந்தவள். பட்டம்மாள் எழுதுகோலுடன் அமர்ந்தபோது அவர் முன் இருந்தது ஆண்டுக்கணக்கில் பழகிய கதைசொல்லியின் பயிற்சி. அவர் முதலில் நாவலுக்குப் போகாமல் நாடகத்தைத் தேர்ந்ததும் தற்செயலாகத் தோன்றவில்லை. எல்லாமே பேச்சாக அமையும் வடிவம் அது. சொல்பவருக்கு இயல்பாக வாய்ப்பதும் அதுதான். இது ஊகமே என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதத் தெரியாததால் நாடகத்தில் தொடங்கினார் என்று சொல்வதும் ஊகம்தான். சான்றுகளுடன் அது குறைவாகவே பொருந்துகிறது.

தமிழ் மரபில் சொல்லச் சொல்ல எழுதுவது எப்போது குறையாயிற்று என்ற கேள்வி இங்கே எழுகிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களை மனத்திலேயே அமைத்துத் தங்கு தடையின்றிச் சொல்லிக்கொண்டு போவார். மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். உ. வே. சாமிநாதையர் வியந்து வியந்து பதிவு செய்துள்ள காட்சி இது. எழுத்தாணி மாணவர் கையில் இருந்ததால் பிள்ளையவர்களின் ஆசிரியத்துவத்தை யாரேனும் ஐயுற்றதுண்டா? அவருடைய புலமைக்கு அதையேதான் உச்சச் சான்றாகக் காட்டுகிறோம். அரை நூற்றாண்டு கழித்து, திருவல்லிக்கேணியில் ஓர் இளம் மனைவி அதே செயலைச் செய்தபோது அது கல்லாமைக்குச் சான்றாகிவிட்டது. செயல் ஒன்று, செய்பவர் வேறு, அளவுகோலும் வேறாகிவிட்டது. பிள்ளையவர்களுக்கு எழுதவும் தெரியும், கோதைநாயகிக்குத் தெரியாதே என்று மறுக்கலாம். மறுப்பு உண்மைதான். ஆயினும் அது இருவரும் எழுத்தைப் பயன்படுத்தாமல் இருந்ததன் காரணத்தைச் சொல்கிறதே தவிர, படைப்பு நிகழ்ந்த விதத்தைத் தொடவில்லை. வெளிநாட்டிலிருந்து ஓர் ஒப்பீடும் உதவும். கோதைநாயகி பிறந்த அதே 1901ஆம் ஆண்டு பிறந்தவர் பார்பரா கார்ட்லண்ட். 700க்கும் மேற்பட்ட நூல்களை வெளியிட்ட ஆங்கிலக் காதல் நாவலாசிரியர். சாய்விருக்கையில் படுத்தபடி செயலாளரிடம் சொல்லிச் சொல்லியே நாவல்களை முடித்தார். அதை அவருடைய வேகத்தின் இரகசியமாக ஆங்கில உலகம் பேசியது. காதல் கதை, தொடர்ச்சியான உற்பத்தி, வாய்மொழி ஆக்கம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கோதைநாயகியைக் காதல் நாவலாசிரியர் என்று கொள்ளலாமா என்று சிலர் தயங்குவர். சீர்திருத்தமும் துப்பறிதலும் அவர் நாவல்களில் உண்டு என்பதே தயக்கத்தின் காரணம். ‘காதலின் கனி’, ‘பிரேம பிரபா’, ‘பிரேமாஸ்ரமம்’ என்று தலைப்பிட்டவரைப் பற்றி இந்தத் தயக்கம் நீள வேண்டியதில்லை. சீர்திருத்தம் அவர் கதைகளில் காதல் திருமணத்தின் வழியாகத்தான் நுழைகிறது.

நாவல்களுக்கு வருவோம். அவற்றில் உரையாடல் மிகுதி என்பதை அவரைப் படித்த அனைவரும் அறிவர். வருணனை குறைவு, பேச்சு அதிகம், நிகழ்ச்சிகள் காட்சிகளாக அடுத்தடுத்து வருகின்றன என்று அதைக் கலைக் குறையாகப் பட்டியலிடுவது விமரிசன வழக்கம். குறையா நிறையா என்பது சுவை சார்ந்த தீர்ப்பு. அதை இங்கே ஒதுக்கி வைக்கிறேன். ஆக்கமுறையின் தடயமாகப் பார்த்தால் அந்தப் பட்டியல் முழுவதும் ஒரே திசையைக் காட்டுகிறது. ஒவ்வொரு பாத்திரமும் தன் மனத்தை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஆசிரியர் பாத்திரங்களைக் குரல்களாகவே கேட்கிறார். அவருடைய பிற துறைகளும் இதனுடன் ஒத்துப்போகின்றன. அவர் பாடகி, டி. கே. பட்டம்மாள் என்ற இளம் பாடகியை மேடைக்குக் கொண்டுவர ஊக்கம் தந்தவர்களுள் ஒருவர். காங்கிரஸ் மேடைகளில் கூட்டத்தைக் கட்டிப்போட்ட பேச்சாளர். இசை, மேடைப்பேச்சு, இதழ், நாவல் என்று வாழ்க்கை வரலாறுகள் தனித்தனி அத்தியாயம் பிரிக்கின்றன. எனக்கு அவை ஒரே குரலின் நான்கு வெளிப்பாடுகளாகத் தெரிகின்றன. ‘ஜகன்மோகினி’யில் மாதந்தோறும் கதையை நிறுத்தி, அடுத்த இதழுக்கு வாசகரைக் காத்திருக்க வைத்த திறமையும் முற்றத்தில் பிள்ளைகளை மறுநாளைக்கு வரவழைத்த திறமையும் வேறு வேறல்ல.

எதிர்வாதங்களுள் வலுவானது சிறைவாசம். 1930களின் தொடக்கத்தில் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற அவர் அங்கேயே நாவல் எழுதினார். பட்டம்மாளோ வேறு எழுத்தரோ உடன் இல்லை. ஆகவே அப்போது அவர் முழுமையான எழுத்தாளர், சொல்லும் முறையை விட்டுவிட்டார் என்று கூறலாம். இதற்கு என் விடை முன்னரே குறித்ததுதான். கை மாறியது, முறை மாறவில்லை. பிறர் எழுதிய நாளுக்கும் தாமே எழுதிய நாளுக்கும் இடையே நடையில் ஒரு முறிவு இருந்தால் என் வாதம் தளரும். ஆனால் அவரைக் குறை சொன்ன விமரிசகர்கள்கூட உரையாடல் மிகுதியை அவருடைய தொடக்கக்கால நாவல்களின் குற்றமாக மட்டும் கூறவில்லை. மொத்த எழுத்தின் குற்றமாகவே கூறினார்கள். தாம் அறியாமலேயே அவர்கள் தொடர்ச்சிக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

மற்றொரு வாதம் வடுவூர் துரைசாமி ஐயங்காரைச் சார்ந்தது. முதல் நாவல் ‘வைதேகி’யின் காலத்தில் அவர் திருத்தமும் ஊக்கமும் தந்தார், 1925இல் ‘ஜகன்மோகினி’யைக் கோதைநாயகி ஏற்று நடத்தியதிலும் அவர் பங்குண்டு என்பதை வைத்து, கோதைநாயகியின் நடையே அவரிடமிருந்து வந்தது என்பர் சிலர். தொடக்க நாவலில் பட்ட திருத்தத்தைக் கொண்டு 115 நாவல்களை விளக்க முடியாது. இதற்கு மேல் அந்த வாதத்துக்கு இடம் தரத் தேவையில்லை.

பட்டம்மாள் பற்றிய கேள்வி அவ்வளவு எளிதன்று. சொன்னதை எழுதியவர் சொன்னபடியேதான் எழுதினாரா? எங்கே வாக்கியத்தை முடிப்பது, எந்தப் பேச்சு வழக்கை ஏட்டு வழக்காக்குவது என்பதையெல்லாம் யார் தீர்மானித்தார்கள்? ‘இந்திரமோஹனா’வின் கையெழுத்துப் படியைப் பற்றி வரலாறுகள் எதுவும் கூறாத நிலையில் இதில் துணிந்து சொல்ல இயலாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். எழுத்து என்பது கையால் எழுதுவதுதான் என்று வைத்துக்கொண்டால் அந்த நாடகத்தின் ஆசிரியர் பட்டம்மாள் ஆகிவிடுவார். அதை யாரும் ஏற்பதில்லை. படைப்பு என்பது சொல்வதில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் கோதைநாயகியைக் கல்லாதவர் என்று தொடங்கும் கதை விழுந்துவிடும். நம் வரலாறுகள் ஆசிரியத்துவத்தைக் கோதைநாயகிக்கும் எழுத்தறிவைப் பட்டம்மாளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, பின்னவரைத் ‘தோழி’ என்ற ஒற்றைச் சொல்லோடு அனுப்பிவிடுகின்றன. இருவருக்குமே இது அநீதி.

மலேசியாவிலிருந்து இதைப் படிப்பவருக்கு இன்னொரு பயனும் உண்டு. இந்நாட்டுத் தமிழ் நாவல் வரலாறு 1917இல் வெங்கடரத்தினம் எழுதிய ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’யில் தொடங்குகிறது. இங்கும் தொடக்கம் காதல்தான். இங்கும் அச்சேறிய முதல் நூலிலிருந்துதான் எண்ணுகிறோம். நாவல் வந்ததும் தமிழர்கள் உரக்கப் படிப்பதை விட்டு மௌன வாசிப்புக்கு மாறினார்கள் என்று ஓர் ஆய்வுப்போக்கு வலியுறுத்துகிறது. நகரத்து நடுத்தர வகுப்புக்கு அது பொருந்தலாம். ஒருவர் படிக்கப் பலர் சுற்றியமர்ந்து கேட்ட தோட்டத்து லயங்களுக்கு அதை அப்படியே நீட்ட முடியாது. எழுத்தறியாத பெண் அங்கே நாவலுக்கு வெளியே நின்றவள் அல்லள்; கேட்பவளாக உள்ளே இருந்தவள். உரையாடலால் நிறைந்த காதல் கதை அவளிடம் எளிதாகச் சென்று சேரும். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளானிலும் ரமணிசந்திரனின் நாவல்களைத் தேடி வாங்குவோரின் பிள்ளைகள் இன்று அதே வகைக் கதைகளை ஒலிநூலாகக் கேட்கிறார்கள். காதல் நாவல் காதுக்குத் திரும்பிவிட்டது என்று இதைச் சொல்வோர் உண்டு. அது காதைவிட்டுப் போனது எப்போது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். பெட்டாலிங் ஜெயாவின் எல்லையில் அமைந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்கிவருகிறது. தோட்டங்களில் வளர்ந்து, இளமையில் நாவல் படிக்கக் கேட்ட மூதாட்டிகள் கிள்ளான் பள்ளத்தாக்கின் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டது என்ன, படித்தவர் யார், எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள் என்பவற்றைத் துறையின் ஆய்வு மாணவர்கள் உடனே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் இழப்புதான். மற்றொன்று பதிப்பாளர்களுக்கு: ‘இந்திரமோஹனா’ மறுபதிப்புக் காணும்போது, சொன்னவர் கோதைநாயகி என்றும் எழுதியவர் பட்டம்மாள் என்றும் முகப்பிலேயே இரண்டு பெயர்களையும் அச்சிடுங்கள்.