கழுகெய்த வீரர்கள் (தொலைக்காட்சித் தொடர், 1983)

ஹாங்காங்கின் டிவிபி நிறுவனம் 1983இல் தயாரித்து ஒளிபரப்பிய கண்டோனிய மொழித் தொடர் இது. ஜின் யோங் என்ற புனைபெயரில் எழுதிய லூயிஸ் சா, ‘ஹாங்காங் கமர்ஷியல் டெய்லி’ நாளிதழில் 1957 முதல் 1959 வரை எழுதிய தொடர்கதையே இதன் மூலம். தயாரிப்பாளர் வோங் டின்லாம். மொத்தம் 59 பகுதிகள். முதல் பாகத்தில் 19, அடுத்த இரண்டில் இருபது இருபது. நாயகன் குவோ ஜிங்காக பெலிக்ஸ் வோங், நாயகி ஹுவாங் ரோங்காக பார்பரா யுங், குவோ ஜிங்கின் மறுபாதியைப் போல வளரும் யாங் காங்காக மைக்கேல் மியூ நடித்தனர். ஜோசப் கூ இசையில் ரோமன் டாமும் ஜென்னி செங்கும் பாடிய பாடல்களைச் சீன மொழி பேசுவோர் இன்றும் பாடுகிறார்கள். பதின்ம வயது குவோ ஜிங் மங்கோலியப் புல்வெளியில் ஒரே அம்பில் இரண்டு கருங்கழுகுகளை வீழ்த்துகிறான். தலைப்பு அதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் இப்பறவைக்குக் ‘காண்டோர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். காண்டோர் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரிய பறவை, மங்கோலிய வானில் பறப்பதில்லை. தலைப்பில் வரும் அந்தக் கழுகெய்தல் மாவோவின் புகழ்பெற்ற கவிதை ஒன்றிலும் வருவதால் தைவான் அரசு மூல நாவலை ஐயத்தோடு பார்த்து, அதற்குத் தடை விதித்தது. தடை தளர்ந்தபோது நாவல் அங்கே ‘பெரும்பாலைவன வீரர்கள்’ என்று பெயர் மாற்றிக்கொண்டுதான் வெளிவந்தது.

இந்தக் கதை 1976 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது தொலைக்காட்சிக்கு மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கிறது. திரைப்படமாகவும் பலமுறை வந்தது. ஆனால் மக்கள் மனத்தில் நிலைத்த குவோ ஜிங் சின்னத்திரையின் குவோ ஜிங்தான். காரணம் பாடல்களிலோ சண்டைகளிலோ மட்டும் இல்லை, நாயகனின் இயல்பில் இருக்கிறது. அவன் மந்தமானவன். நான்கு வயதுவரை அவனுக்குப் பேச்சு வரவில்லை, ஒருமுறை சொன்னால் எதுவும் மண்டையில் ஏறாது, சூது தெரியாது. சீன வீரக்கதைகளின் ‘ஷியா’, அதாவது சட்டத்துக்கு வெளியே நின்று எளியவரைக் காக்கும் வாள்வீரன், பொதுவாக மின்னலைப் போன்றவன். குவோ ஜிங்கோ பாறையில் நீர் சொட்டுவதுபோலக் கற்கிறான். அந்தச் சொட்டலைப் பார்க்க நாட்கள் வேண்டும். இரண்டு மணி நேரத் திரைப்படத்தால் அந்த நாட்களைத் தர முடியாது. தினமும் வீட்டுக்குள் வரும் தொடரால் முடியும். நாயகனின் மந்தத்தைக் கதையின் குறையாகவோ நீதிபோதனை அலங்காரமாகவோ பார்ப்பவர்கள், வீட்டைத் தாங்கும் உத்தரத்தை ஒட்டடை என்று எண்ணுகிறார்கள்.

கதையின் களம் தென் சோங் அரசின் காலம். 1127இல் ஜுர்ச்சென் இனத்தாரின் ஜின் அரசு தலைநகர் கைஃபெங்கை வீழ்த்திப் பேரரசர்களையே சிறைப்பிடித்துச் சென்றது. சோங் அரசு தெற்கே ஓடி, இன்றைய ஹாங்சோவில் ஒதுங்கியது. அந்த ஆண்டின் பெயர் ஜிங்காங். பல பத்தாண்டுகள் கழித்து, ஹாங்சோவை ஒட்டிய நியு சிற்றூரில் குவோ, யாங் என்ற இரு நண்பர்களின் மனைவியர் கருவுற்றிருந்தபோது, தாவோயிசத் துறவி ச்சியு சூஜி அந்தப் பெயரை இரண்டாகப் பிரித்து, பிறக்கவிருந்த பிள்ளைகளுக்கு வைக்கிறார்: ஒருவன் ஜிங், மற்றவன் காங். அவமானத்தை மறக்கக் கூடாது என்பதற்காகச் சூட்டிய பெயர்கள். ஆனால் ஒருவன் செங்கிஸ் கானின் கூடாரங்களுக்கிடையே மங்கோலியனாக வளர்கிறான். மற்றவன் பகை நாடான ஜின் அரசின் இளவரசன் வீட்டில், அவனையே தந்தை என்று நம்பி வளர்கிறான். அறிவும் அழகும் வசதியும் யாங் காங்குக்கு. விதவைத் தாயும் ஆட்டு மந்தையும் குவோ ஜிங்குக்கு.

அவனைத் தேடிக் கண்டுபிடிக்கும் தென்னாட்டு எழுவர், பதினெட்டு ஆண்டு கழித்து நடக்கவேண்டிய ஒரு பந்தயத்துக்காக அவனைப் பயிற்றுவிக்கிறார்கள். ஒருவர் தொடக்கத்திலேயே இறந்துவிட, மீதி ஆறு பேரும் தத்தம் வித்தையை ஒரே நேரத்தில் அவன் தலையில் கொட்டுகிறார்கள்; எதுவும் தங்குவதில்லை. ஆசிரியர்கள் கடிந்துகொள்ள, பையன் கலங்க, காட்சி மறுபடி மறுபடி நிகழ்கிறது. பிறகு ச்சுவான்ஷென் மடத்தின் மா யூ இரவில் மலையுச்சிக்கு வரவழைத்து, இரண்டு ஆண்டு மூச்சுப் பயிற்சி மட்டும் தருகிறார். அதை வித்தை என்றுகூட அவர் சொல்வதில்லை. எப்படி உட்கார்வது, எப்படித் தூங்குவது என்றுதான் சொல்லித்தருகிறார். பையன் தேறத் தொடங்குகிறான். குற்றம் மாணவனின் மூளையில் மட்டும் இல்லை, கற்பித்த அவசரத்திலும் இருந்தது என்று பார்வையாளருக்கு அப்போதுதான் தெரிகிறது. இதைக் கதைசொல்லி விளக்கவேண்டியதில்லை. பல நாள் தோல்வியைக் கூடவே இருந்து பார்த்தவருக்குத் தானாகவே உறைக்கும்.

பிச்சைக்காரர் சங்கத் தலைவர் ஹோங் ச்சிகோங் கற்றுத்தரும் ‘நாகத்தை அடக்கும் பதினெட்டு உள்ளங்கை அடிகள்’ இந்த இயல்புக்கென்றே செய்தது போன்றவை. ஹுவாங் ரோங் விதவிதமாகச் சமைத்துப்போட்டுக் கிழவரின் நாக்கைப் பிடித்து, ஒவ்வோர் அடியாக வாங்கித்தருகிறாள். முதல் அடியின் பெயர் ‘செருக்குற்ற நாகம் வருந்தும்’. சீனத்தின் பழைய குறிநூலான யிஜிங்கின் முதல் குறியிலிருந்து எடுத்த சொற்றொடர். அதன் சூட்சுமம் அடிப்பதில் இல்லை, அடிக்காமல் பின்னுக்கு வைத்துக்கொள்ளும் வலுவில் இருக்கிறது. கூர்மையானவனுக்கு இது சலிப்பூட்டும். அவன் அடுத்த வித்தைக்குத் தாவுவான். குவோ ஜிங் மரத்தின்முன் நின்று அதே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறான்.

இன்னும் நுட்பமானது ‘ஒன்பது யின் நூல்’ விவகாரம். எல்லா வீரரும் உயிரைக் கொடுத்துத் தேடும் அந்தச் சுவடியை, ஹுவாங் ரோங்கின் தந்தை ஹுவாங் யாவ்ஷியின் பீச் மலர்த் தீவில் அடைபட்டுக் கிடக்கும் குறும்புக்காரக் கிழவர் ஜோ போதோங், அது இன்னதென்று சொல்லாமலேயே குவோ ஜிங்கை மனப்பாடம் செய்யவைக்கிறார். அதன் கடைசிப் பகுதி சமஸ்கிருத ஒலிகளைச் சீன எழுத்தில் பெயர்த்தது. படிப்பவருக்கு வெறும் ஓசைக் குவியல். பொருள் தெரியாமல் அதைப் பாராயணம் செய்ய ஒரு புத்திசாலி இணங்கமாட்டான். இவன் இணங்குகிறான். பிற்பாடு, தாலி நாட்டு முன்னாள் அரசரும் இப்போது துறவியுமான யிதெங்கின் உதவியால் அதன் பொருள் விளங்குகிறது. (இவருக்கு மூலமான துவான் ஜிஷிங் வரலாற்றில் உண்மையாக ஆண்ட அரசர்.) மறுபுறம், மேற்கின் வீரன் ஓயாங் ஃபெங், குவோ ஜிங்கை மிரட்டி அதே நூலை எழுதி வாங்குகிறான். கிடைப்பது வேண்டுமென்றே தலைகீழாக்கிய பிரதி. அவன் அறிவு அபாரமானது. தலைகீழான வித்தையையும் பழகி வென்றுவிடுகிறான், கூடவே சித்தம் கலங்கித் தான் யார் என்பதையே மறக்கிறான். ஒரே நூல், இரண்டு வாசகர்கள். இந்த ஒப்பீட்டுக்கு நடுவில் பல வாரக் கதை ஓடுகிறது. வாரங்களை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒரு கதைச்சுருக்கம்தான்.

திரைப்படங்கள் இதற்கு எதிர்ச்சாட்சி. ஷா பிரதர்ஸ் நிறுவனத்துக்காக சாங் செ 1977இல் அலெக்சாண்டர் ஃபூ ஷெங்கை குவோ ஜிங்காக வைத்து எடுத்த படமும் அதன் தொடர்ச்சிகளும் சண்டையில் குறைவில்லாதவை. ஆனால் அவற்றில் மாணவப் பருவம் சம்பவப் பட்டியலாகச் சுருங்குகிறது. நாயகன் ஆசிரியருக்கு ஆசிரியர் கைமாறுகிறான், வளர்வது தெரிவதில்லை. வோங் கார்வாயின் ‘காலத்தின் சாம்பல்’ (1994) இக்கதை மாந்தரை வைத்து எடுத்த படங்களிலேயே கலையழகு மிக்கது. அவர் எடுத்துக்கொண்டது ஓயாங் ஃபெங், ஹுவாங் யாவ்ஷி போன்ற கூர்மையும் காயமும் கொண்டவர்களின் இளமையை. குவோ ஜிங்குக்கு அதில் இடமில்லை. திரைப்படத்துக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று அறிந்த கலைஞரின் தேர்வு அது. 2025இல் ட்சுயி ஹார்க் இயக்கிய படமோ நாவலின் பிற்பகுதியைத்தான் மையமாக்கியது. குழந்தைப் பருவமும் பயிற்சியும் பின்னோக்குத் துண்டுகளாக வந்துபோயின. முழுதாகத் தேறிய வீரனை அங்கே பார்க்கிறோம், அவன் தேறுவதைப் பார்க்கும் மகிழ்ச்சி மட்டும் கிடைப்பதில்லை.

மறுப்புகள் உண்டு. வலுவானது இது: 1983 தொடரின் வெற்றிக்குக் காரணம் குவோ ஜிங் அல்ல, பார்பரா யுங்கின் ஹுவாங் ரோங். இதில் பாதி உண்மை. இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பி, தேர்வுக்கு வந்த பலரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தப் புதுமுகம், ஒரு சிரிப்பிலும் தலைசாய்ப்பிலும் குறும்பையும் கண்ணீரையும் ஒருசேரக் கொண்டுவந்தார். 1985 மே மாதம், 26 வயதில், அவர் மறைந்தார். பின்வந்த எந்த ஹுவாங் ரோங்கையும் அவரோடு ஒப்பிடாமல் ரசிகர்கள் விட்டதில்லை. ஆனால் அவளுடைய அறிவு எதற்குப் பயன்படுகிறது என்று கேட்கவேண்டும். கந்தலும் கரிமுகமுமாகப் பிச்சைக்காரப் பையன் வேடத்தில் வரும் அவளுக்கு, யார் என்றே கேட்காமல் விருந்து வைத்துத் தன் மேலங்கியையும் குதிரையையும் கொடுத்துவிடுகிறான் குவோ ஜிங். உலகத்தையே கணக்குப்போட்டு அளக்கும் பெண் அளக்க முடியாத ஒன்றைக் கண்டது அந்த இடத்தில்தான். பின்னால் அவனுடைய ஐந்து குருமார் பீச் மலர்த் தீவில் கொலையுண்டு கிடக்க, அவன் அவளுடைய தந்தையைக் கொலைகாரர் என்று நம்பிவிடுகிறான். ஜியாஷிங்கின் இரும்பு ஈட்டிக் கோயில் இருட்டில், தன் உயிரைப் பணயம் வைத்து, பேச்சாலேயே உண்மைக் கொலைகாரரை அவள் வெளிக்கொணர்கிறாள். அவன் எளிதில் உண்மையைக் கண்டுபிடிக்கக்கூடியவனாக இருந்திருந்தால் அந்தக் காட்சியே இல்லை. இவன் மந்தம் அவள் மேதைமைக்கு மேடை. பெலிக்ஸ் வோங் இதை உணர்ந்து நடித்தார். அவள் பேசும்போது அவர் முகம் செய்யும் ஒரே வேலை, கேட்பது. அப்படிக் கேட்பது சின்ன நடிப்பல்ல.

மெதுவான ஓட்டம் வணிகத் தந்திரம்தானே, விளம்பரத்துக்காகக் கதையை இழுத்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். இழுவை இருக்கிறது, மறுக்கவேண்டியதில்லை. அரங்கத்துக்குள் வரைந்த காடுகளும் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் ஒரே பாறைகளும் உண்டு. ஆனால் மூலக்கதையே நாளுக்கொரு துண்டாக, நாளிதழ் விற்பனைக்காக இரண்டாண்டுக்கு மேல் எழுதியதுதான். தினத் துண்டு என்ற வடிவம் கதையின் கருவிலேயே இருந்தது. சின்னத்திரை அதைத் திணிக்கவில்லை, திருப்பிக்கொடுத்தது. நாவலை ஜின் யோங் பின்னாளில் திருத்தியபோது, ச்சின் நான்ச்சின் என்ற பெண்ணை நீக்கி அவள் பங்கை மு நியன்சி என்ற பாத்திரத்தோடு இணைத்தது போன்ற பல மாற்றங்களைச் செய்தார். நாயகனின் தாமதத்தை மட்டும் அவர் சுருக்கவில்லை. ஆடம்பரம் இல்லாததுதான் குறை என்றால் 2003இல் ஷாங் ஜிஷோங் தயாரித்த 42 பகுதித் தொடர் அதைத் தீர்த்துவைத்தது: உண்மையான புல்வெளி, உண்மையான கடல், ஷெஜியாங் கரையோரத்தின் பீச் மலர்த் தீவிலேயே கட்டிய படப்பிடிப்புத் தளம். அழகான தொடர். இருந்தும் பலர் இன்றும் 1983க்குத் திரும்புகிறார்கள். பாறை அட்டை என்று தெரிந்துதான் திரும்புகிறார்கள்.

மூன்றாவது மறுப்பு கதையின் அரசியலைப் பற்றியது: அயலாரை வெறுக்கச் சொல்லும் ஹான் இனப்பற்றுக் கதை இது என்பது. இதற்கு ஓர் ஆதாரமும் உண்டு. வரலாற்றின் ச்சியு சூஜி (1148–1227) ஜின் ஆட்சிப் பகுதியில் வாழ்ந்த மடத்தலைவர். நாவலில் வருவதுபோல ஜின் எதிர்ப்பு வாள்வீரர் அல்ல. முதுமையில் ஷான்டோங்கிலிருந்து புறப்பட்டு, இன்றைய ஆப்கானிஸ்தான் வரை பயணம் செய்து 1222இல் செங்கிஸ் கானைச் சந்தித்தார் என்பதற்கு அவருடைய சீடர் எழுதிய பயணநூல் சான்றாக இருக்கிறது. நாவலாசிரியர் அவரை வளைத்திருக்கிறார். அதைச் சுட்டுவது நியாயம். ஆயினும் கதையின் இதயம் வெறுப்பில் இல்லை. குவோ ஜிங்கின் உடன்பிறவாச் சகோதரன் கானின் மகன் தொலுய். குவோ ஜிங்குக்கு நிச்சயிக்கப்பட்டவள் கானின் மகள். அவனுக்குச் சோறும் குதிரையும் தந்தது மங்கோலியப் புல்வெளி. சோங் அரசை அழிக்கப் படைநடத்தும்படி கான் ஆணையிட்டது தெரியவந்ததும், மகன் மனம் தடுமாறக் கூடாது என்று தாய் லி பிங் தன் உயிரையே விட்டுவிடுகிறாள். கான் வெறுக்க எளிதான பகைவனாக இருந்திருந்தால் இந்தச் சாவு தேவைப்பட்டிருக்காது. நேசித்தவர்களை மறுக்கவேண்டிய வேதனையைத் தொடர் சுமக்கிறது. அந்த நேசத்தைப் பார்வையாளரும் பல நாட்களாகச் சேமித்து வைத்திருப்பதால்தான் அது வலிக்கிறது.

நாவலின் கடைசி அத்தியாயத்தில், முதுமையடைந்த செங்கிஸ் கான் குவோ ஜிங்கோடு குதிரையில் போய்க்கொண்டே, தன் பேரரசின் பரப்பைக் காட்டி, பழங்காலத்து வீரர்களில் தனக்கு நிகர் யார் என்று கேட்கிறார். நான்கு வயதுவரை பேசாதிருந்தவன், எத்தனை பேரைக் கொன்றோம் என்பது வீரத்துக்கு அளவாகாது, மக்கள் வாழ வழி செய்தவரையே பின்னுள்ளோர் போற்றுவார்கள் என்ற பொருளில் நிதானமாக விடைசொல்கிறான். கான் நெடுநேரம் பேசுவதில்லை. அன்றிரவு தன் தங்கக் கூடாரத்தில் வீரன் என்ற சொல்லையே முணுமுணுத்தபடி இறக்கிறார். குவோ ஜிங்கும் ஹுவாங் ரோங்கும் தெற்கு நோக்கிக் குதிரைகளைத் திருப்புகிறார்கள். வழியெங்கும் புற்களிடையே போரில் மடிந்தவர்களின் எலும்புகள் கிடக்கின்றன.